பாடி விடுதலை பெற்ற நகரில் ஒரு பகல்

ஹெல்சின்கியில் பரிமாற்ற மாணவியாக ஒரு பருவம் படித்துக்கொண்டிருந்தபோது, மார்ச் மாத நடுவில் ஒரு சனிக்கிழமையை எஸ்தோனியாவின் தலைநகரான தாலினுக்கென்று ஒதுக்கினேன். இரண்டு தலைநகரங்களுக்கும் நடுவே பின்லாந்து வளைகுடா ஏறத்தாழ 80 கிலோமீட்டர் அகலத்தில் கிடக்கிறது. கப்பல் அதை இரண்டு மணி நேரத்தில் கடந்துவிடுகிறது. ஹெல்சின்கிக் கரையை விட்டு விலகும்வரை கப்பலுக்கு அடியில் பனிப்பாளங்கள் நொறுங்கும் ஓசை கேட்டுக்கொண்டே இருந்தது. மறுகரையில் முதலில் கண்ணுக்குத் தென்பட்டது, 124 மீட்டர் உயரமுள்ள புனித ஓலாஃப் தேவாலயத்தின் பச்சைக் கூம்பு.

துறைமுகத்திலிருந்து கால் மணி நேரம் நடந்தால் பழைய நகரத்தின் கடற்கரை வாயில் வந்துவிடும். அங்கிருந்து மேலேறும் தெருவின் பெயர் 'பிக்', அதாவது நீண்ட தெரு. அதன் 59ஆம் எண் கட்டடத்தின் முன் வெகுநேரம் நின்றேன். சோவியத் ஆட்சியில் உளவுத்துறையான கேஜிபியின் தலைமையகமாக இருந்த அந்த வீட்டின் நிலவறைகளில் கைதிகளை அடைத்து விசாரித்திருக்கிறார்கள். சற்றுத் தள்ளி நிற்கும் ஓலாஃப் தேவாலயத்தின் கோபுரத்தையும் அதே கேஜிபி வானொலி அலைபரப்புக்குப் பயன்படுத்திக்கொண்டது. இறைவனை நோக்கி எழுப்பிய கோபுரமும் மனிதரைப் புதைத்த நிலவறையும் ஒரே கையில் இருந்த காலத்தை, அந்தத் தெருவில் நின்றால்தான் உணர முடிகிறது.

நகர்மன்றச் சதுக்கத்தில் 1404இல் கட்டி முடிக்கப்பட்ட நகர்மன்றமும், 1422ஆம் ஆண்டு ஆவணத்திலேயே இடம்பெற்று இன்றும் மருந்து விற்கும் மருந்தகமும் எதிரெதிரே இருக்கின்றன. இடைக்காலத்தில் மார்சிபன் என்னும் பாதாம் இனிப்பையும் மருந்தென்று மருந்தகங்களில் விற்றார்களாம். கம்பு போன்ற ரை தானியத்தில் சுட்ட கறுப்பு ரொட்டியும் காளான் சூப்பும்தான் என் மதிய உணவு.

பிற்பகலில் தூம்பியா குன்றுக்கு ஏறினேன். வழியில் காதில் விழுந்த பேச்சில் ஒரு நெருக்கம் தெரிந்தது. 'தாலின்னாஸ்' என்றால் தாலினில், 'தாலின்னாஸ்த்' என்றால் தாலினிலிருந்து. தமிழைப் போலவே வேற்றுமை உருபைச் சொல்லின் பின்னால் ஒட்டிக்கொண்டு போகும் மொழி அது. நமக்கு எட்டு வேற்றுமை என்றால் அவர்களுக்குப் பதினான்கு. ஏறத்தாழ 13 லட்சம் பேரே வாழும் நாடு, டேனியர், ஜெர்மானியப் பிரபுக்கள், சுவீடன், ரஷ்யா என்று மாறி மாறி வந்த ஆட்சிகளைத் தாண்டி அந்த மொழியைக் காப்பாற்றி வைத்திருக்கிறது என்பது எனக்குப் பெரும் மதிப்பை உண்டாக்கியது.

குன்றின் மேல் நாடாளுமன்றம் இயங்கும் கோட்டையின் மூலையில் 'நெட்டை ஹெர்மன்' கோபுரம் நிற்கிறது. சோவியத் கொடி பறந்த அதன் உச்சியில் 1989 பிப்ரவரி 24 அன்று நீலம், கறுப்பு, வெள்ளை நிறங்களாலான எஸ்தோனியக் கொடி மீண்டும் ஏறியது. அதே ஆண்டு ஆகஸ்ட் 23 அன்று, தங்கள் நாடுகளைச் சோவியத் ஒன்றியம், நாஜி ஜெர்மனி ஆகிய இரு வல்லரசுகள் பங்கிட்டுக்கொண்ட மொலட்டோவ்-ரிப்பன்ட்ராப் உடன்படிக்கையின் ஐம்பதாம் ஆண்டில், இக்கோபுரத்தின் அடியில் தொடங்கி லாத்வியாவின் ரிகா வழியாக லித்துவேனியாவின் வில்னியஸ் வரை, 600 கிலோமீட்டருக்கும் மேல், ஏறத்தாழ 20 லட்சம் மக்கள் கைகோத்து நின்றார்கள். 1988இல் பாட்டரங்கில் இலட்சக்கணக்கானோர் கூடிப் பாடியதில் வலுப்பெற்ற அந்த எழுச்சியைப் 'பாடும் புரட்சி' என்றே உலகம் அழைக்கிறது. 1991 ஆகஸ்ட் 20 அன்று நாடு விடுதலையை மீட்டெடுத்தது.

கதிரவன் மறையும்போது அந்தக் கொடியை இறக்குவார்கள் என்று அறிந்திருந்ததால், மாலை ஆறு மணிக்கே கோபுரத்தின் அடியில் வந்து நின்றுவிட்டேன். காற்று முகத்தை அறுத்தது. கொடி இறங்குகையில் ஒலித்தது, கவிஞர் லிடியா கொய்டுலாவின் வரிகளுக்குக் குஸ்தாவ் எர்னெசாக்ஸ் இசையமைத்த 'என் தந்தை நாடே என் அன்பு' என்னும் பாட்டு. 1960ஆம் ஆண்டுப் பாட்டு விழாவில், நிகழ்ச்சி நிரலில் இல்லாதபோதும் மக்கள் தாங்களாகவே எழுந்து பாடிய பாட்டு அது. என் அருகே நாயோடு உலாவ வந்த முதியவர் ஒருவர் நின்று, குல்லாயைக் கழற்றி மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, உதடு மட்டும் அசையப் பாடினார். பாட்டு முடிந்ததும் என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுச் சரிவில் இறங்கிப் போனார். இரவுக் கப்பலைப் பிடிக்க நானும் அதே சரிவில் இறங்கினேன்.