தற்குறிகளை எண்ணிய பருவம்

2025 ஜனவரி 8, புதன்

காலை ஆராதனை முடிந்து சிற்றாலயத்தை விட்டு வெளியே வந்தபோது, எங்கள் துறைத் தலைவர் மேடம் என்னை நிறுத்தி, டிசம்பரில் நான் ஒப்படைத்திருந்த ஆய்வேட்டின் முதல் இயலைத் திருப்பிக் கொடுத்தார்கள். மொத்தம் 16 பக்கங்கள். ஏறக்குறைய எல்லாப் பக்கங்களின் ஓரத்திலும் சிவப்பு மையில் ஒரே கேள்வி இருந்தது: "எப்படித் தெரியும்?" "மிஷனெரிமாரின் வருகையால் திருநெல்வேலிச் சீமைப் பெண்கள் எழுத்தறிவு பெற்றனர்" என்று நான் எழுதியிருந்த வரிக்கு அருகில் அதே கேள்வி இரண்டு முறை எழுதப்பட்டிருந்தது.

புத்தகத்தில் அப்படித்தான் இருந்தது என்றேன். "அந்தப் புத்தகத்தை எழுதினவருக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டுவிட்டு, அடுத்த வகுப்புக்கு நேரமாகிறது என்று நடந்துவிட்டார்கள்.

மூன்றாம் ஆண்டு வரலாற்று வகுப்பில் நாங்கள் 17 பேர்தான். பாளையங்கோட்டையின் பெரிய கல்லூரிகளில் படிக்கும் என் பள்ளித் தோழிகள், தங்கள் ஆய்வேட்டை வழிகாட்டி ஆசிரியர் புரட்டிப் பார்த்துக் கையெழுத்திட்டால் போதும் என்கிறார்கள். இங்கே ஒவ்வொரு வரியும் வாசிக்கப்படுகிறது. இன்று அது எனக்குப் பாரமாகத்தான் இருந்தது என்பதையும் எழுதி வைக்கிறேன்.

ஜனவரி 11, சனி

நூலகத்தில் நாள் முழுவதும் இருந்தேன். எனக்கு உறுதியாகத் தெரிந்தவற்றை மட்டும் தனித்தாளில் எழுதிப் பார்த்தேன். மிஷனெரிமாரில் ரேனியஸ் 1820-இல் பாளையங்கோட்டைக்கு வந்தார். கால்டுவெல் 1841-இல் இடையன்குடிக்கு வந்தார். நாகர்கோவிலில் பிறந்து வளர்ந்து, தமிழைச் சரளமாகப் பேசிய எலைசா, 1844-இல் கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்கு வந்து, பெண்பிள்ளைகளுக்கு விடுதிப் பள்ளி நடத்தினார். லேஸ் பின்னலையும் கற்றுக்கொடுத்தார். இங்கிலாந்தில் இருந்தபடியே இங்குள்ள பெண்கல்விக்குத் துணைநின்ற சாரா டக்கரின் பெயரில் பாளையங்கோட்டையில் கல்லூரியே இருக்கிறது. அந்த அம்மையாரோ இந்த நாட்டின் மண்ணை மிதித்ததே இல்லை.

இவை அனைத்தும் கற்பித்தவர்களைப் பற்றிய செய்திகள். கற்றவர்களைப் பற்றி அந்தத் தாளில் ஒரு வரி கூட இல்லை என்பது மாலை ஐந்து மணிக்கு மேல்தான் எனக்கு உறைத்தது.

மேடத்திடம் போய்ச் சொன்னேன். "ஒங்க ஊர்க் கோயில்ல கல்யாண ரிஜிஸ்தர் இருக்கும்லா? பொங்கலுக்குப் போறப்போ ஐயர்கிட்ட கேட்டுப் பாரு" என்றார்கள். எங்கள் பக்கத்தில் கோயில் என்றால் தேவாலயம், ஐயர் என்றால் அதன் போதகர். 1872-ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டத்தின்படி மணமக்களும் சாட்சிகளும் பதிவேட்டில் கையெழுத்திட வேண்டும் என்றும், எழுதத் தெரியாதவர்கள் அடையாளமிடுவார்கள் என்றும், இங்கிலாந்தில் 1754 முதல் நடைமுறைக்கு வந்த இதே போன்ற ஏற்பாட்டினால்தான் அந்நாட்டு வரலாற்றாசிரியர்கள் எளிய மக்களின் எழுத்தறிவைக் கணக்கிட முடிந்தது என்றும் விளக்கினார்கள்.

ஜனவரி 18, சனி

எங்கள் ஊர் திசையன்விளைக்குக் கிழக்கே செம்மணல் தேரிக்காட்டை ஒட்டி இருக்கிறது. சபை சிறியது. ஐயர் மூன்று ஊர்களுக்குப் பொதுவானவர் என்பதால், அவர் எங்கள் ஊர் ஆராதனைக்கு வரும் நாளைக் கேட்டறிந்து, அப்பாவையும் அழைத்துக்கொண்டு போய் அனுமதி கேட்டேன். கோயிலின் பக்க அறையில் இருந்த இரும்புப் பெட்டியை அவரே திறந்து கொடுத்தார். வெளியே எடுத்துப் போகக் கூடாது, படம் பிடிக்கக் கூடாது, பென்சிலால் மட்டும் குறிப்பெடுக்க வேண்டும் என்றார். நான் மூன்றுக்கும் ஒப்புக்கொண்டேன்.

பெட்டிக்குள் அந்துருண்டை வாசம் நிறைந்திருந்தது. பதிவேட்டின் தலைப்புகள் ஆங்கிலத்தில் அச்சிடப்பட்டிருந்தன. கட்டங்களோ தமிழில் நிரப்பப்பட்டிருந்தன. மை பழுத்து, பனங்கருப்பட்டியின் நிறத்துக்கு வந்திருந்தது. இராமபாணப் பூச்சி சில பெயர்களின் நடு எழுத்தைத் தின்றுவிட்டது. ஒவ்வொரு பதிவின் அடியிலும் மாப்பிள்ளையின் கையெழுத்து ஒரு வரியிலும், பெண்ணின் கையெழுத்து அதற்கடுத்த வரியிலும் இருக்க வேண்டும். பெரும்பாலான பக்கங்களில் பெண்ணின் வரியில் ஒரு பெருக்கல் குறிதான் இருந்தது. அதற்கு முன்னே அவள் பெயரையும், பின்னே "தற்குறி" என்ற சொல்லையும் ஐயர் எழுதியிருந்தார்.

தன் குறி என்பதுதான் தற்குறி. எழுதத் தெரியாதவர் தம் கையால் இட்ட அடையாளத்துக்குப் பெயராக இருந்த அந்தச் சொல், பின்னாளில் எழுதத் தெரியாத ஆளுக்கே பெயராகி, ஏசுவதற்கும் பயன்படலாயிற்று. அந்தக் குறிகளை நேரில் பார்த்தபோது அந்தச் சொல்லை இனி எவரையும் பார்த்துச் சொல்ல என் நாக்கு எழாது என்று தோன்றியது. ஒரு குறியில் முதல் கோடு நேராக இருக்கிறது; இரண்டாவது கோடு பாதியில் நின்று, அங்கே மை ஊறிப் பரவி, மீண்டும் தொடங்கியிருக்கிறது. பேனாவை அதற்கு முன் தொட்டிராத கை அது என்று பார்த்தவுடன் தெரிந்தது.

ஆச்சியின், அதாவது என் பாட்டியின், தாயாருடைய திருமணப் பதிவும் அதில் இருந்தது. அவர்களுடையதும் குறிதான்.

ஜனவரி 22, புதன்

விடுதிக்குத் திரும்பிவிட்டேன். வருகைப்பதிவு 75 விழுக்காட்டுக்குக் கீழே போய்விடக் கூடாது என்று வகுப்பு ஆசிரியர் நினைவூட்டினார். முதல் அகமதிப்பீட்டுத் தேர்வு வருகிறது.

பிப்ரவரி 5, புதன்

இரண்டு சனிக்கிழமைகள் மீண்டும் ஊருக்குப் போய்ப் பதிவேட்டை முழுவதும் படியெடுத்தேன். மாதந்தோறும் புதுமைப்பெண் திட்டத்தில் வரும் 1000 ரூபாயில் பெரும்பகுதி இம்முறை பேருந்துக்கே போயிற்று. இன்று அட்டவணை போட்டு முடித்தேன். ஆண்டுகள் செல்லச் செல்லக் குறிகள் குறைந்து, பெண்களின் கையெழுத்துகள் கூடுகின்றன. முதலில் ஆசிரியர் வேலை பார்த்த குடும்பங்களிலும், பிறகு பிற குடும்பங்களிலும் அந்த மாற்றம் வருகிறது. எங்கள் ஊரைப் பற்றி எந்தப் புத்தகமும் சொல்லாத ஒன்றை நானே எண்ணிக் கண்டுபிடித்திருக்கிறேன் என்ற மகிழ்ச்சி எனக்கு இருக்கிறது. "எழுதத் தெரிந்தோர், தெரியாதோர்" என்ற தலைப்பைத் திருத்தி, "கல்வியறிவு பெற்றோர், பெறாதோர்" என்று வைத்தேன். அது இன்னும் கம்பீரமாகப் பட்டது.

பிப்ரவரி 16, ஞாயிறு

அப்பா பனையேறிப் பாளை சீவத் தொடங்கிவிட்டார்கள். பதநீர் காய்ச்சும் குடிசையான விடிலியில் அடுப்பு எரிகிறது; அம்மா காலையிலிருந்தே பதநீர் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள்.

ஆராதனைக்குப் பிறகு, சபையின் பெண்கள் சங்கச் செயலாளர் சந்தா நோட்டுடன் வீட்டுக்கு வந்தார்கள். ஆச்சி பத்து ரூபாயைக் கொடுத்துவிட்டு, மைப்பெட்டியில் கட்டைவிரலை ஒற்றி நோட்டில் பதித்தார்கள். பிறகு விரலைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு, பெரிய எழுத்து வேதப்புத்தகத்தை மடியில் எடுத்து வைத்து, தினமும் செய்வது போலவே சங்கீதம் வாசிக்கத் தொடங்கினார்கள்.

பிறந்தது முதல் இந்த இரண்டையும் நான் பார்த்திருக்கிறேன். இரண்டையும் ஒருசேரப் பார்த்து யோசித்தது இன்றுதான். ஆச்சி வரிக்குக் கீழே சுட்டுவிரலை நகர்த்தி, இழுத்து இழுத்து, ஒருவகை இராகத்தோடு வாசிப்பார்கள். மனப்பாடமாகச் சொல்கிறார்களோ என்று ஐயப்பட்டு, அன்றைய நாளிதழை எடுத்துக் கொடுத்தேன். அதையும் அதே இராகத்தில் வாசித்தார்கள்.

"ஆச்சி, ஒங்களுக்கு எழுத வராதா?"

"வராது மக்ளே. பள்ளிக்கூடத்துக்கு எங்கய்யா அனுப்பல. ஓய்வுநாள் பாடசாலைக்கு மட்டுந்தான் போனேன். எழுதணும்னா சிலேட்டு வேணும், குச்சி வேணும். வாசிக்கதுக்கு என்ன வேணும்? கோயில்ல வேதப்புத்தகம் கெடந்துச்சு."

"ஒங்க அம்மாவுக்கு?"

"எங்கம்மா என்னைவிட வேகமா வாசிப்பா. சாயங்காலம் விடிலி வாசல்ல ஒக்காந்து அவ வாசிச்சா, பதநி எடுத்துட்டு வாரவங்க எல்லாம் நின்னு கேப்பாக."

நான் "கல்வியறிவு பெறாதோர்" என்ற வரிசையில் எழுதி வைத்திருந்தவர்களில் ஒருவர் அந்த அம்மாதான்.

பிப்ரவரி 19, புதன்

மேடத்திடம் எல்லாவற்றையும் சொல்லி, என் அட்டவணை முழுவதும் தவறு, வேறு தலைப்பு எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். அவர்கள் நெடுநேரம் அட்டவணையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எண்ணியது தவறில்லை, எண்ணியதற்கு வைத்த பெயர்தான் தவறு என்றார்கள். பழைய காலத்தில் பல நாடுகளில் வாசிப்பும் எழுத்தும் ஒன்றாகக் கற்பிக்கப்படவில்லை. வாசிப்பு முதலில் வந்தது, எழுத்துக்குத் தாளும் மையும் கூடுதல் காலமும் தேவைப்பட்டன. ஆகவே பேனா பிடிக்கத் தெரியாத ஒருத்தி நன்றாக வாசிக்கக் கூடியவளாக இருந்திருக்கலாம், அவள் வாசித்ததைப் பதிவேடு காட்டாது என்று விளக்கினார்கள். குறி இட்டவர்களின் பிள்ளைகளில் உயிரோடிருப்பவர்களை ஒவ்வொருவராகப் போய்க் கேட்கச் சொன்னார்கள்.

திரும்பும்போது, "இதைத்தான் ஆராய்ச்சின்னு சொல்லுவாங்க" என்றார்கள். மூன்று ஆண்டுகளில் அவர்கள் என்னைப் பாராட்டியது இதுவே முதல் முறை.

மார்ச் 12, புதன்

ஈஸ்டருக்கு முந்தைய லெந்து காலம் என்பதால் மாலையிலும் சிற்றாலயத்தில் சிறு ஜெபக்கூட்டம் நடக்கிறது. அது முடிந்து இரவு உணவுக்கு மணி அடிக்கும் வரை எழுதுகிறேன்.

ஊரில் ஆறு முதியவர்களைக் கண்டு பேசிவிட்டேன். அவர்களில் நான்கு பேர், பதிவேட்டில் குறி இட்ட தங்கள் தாயோ அத்தையோ வாசிப்பார் என்றார்கள். ஒருவர் தன் தாய்க்கு ஒன்றுமே தெரியாது என்று அழுத்தமாகச் சொன்னார். இன்னொருவருக்கு நினைவில்லை. ஆறு பேரை வைத்துக்கொண்டு ஊர் முழுமைக்கும் தீர்ப்புச் சொல்ல முடியாது என்பதால், அவர்கள் சொன்னவற்றை அப்படியே, யார் சொன்னது, யாரைப் பற்றிச் சொன்னது என்ற விவரத்தோடு எழுதுகிறேன்.

ஆய்வேட்டை ஆங்கிலத்தில் எழுதினால் முதுகலை சேர்க்கைக்கு உதவும் என்று தோழிகள் சொல்கிறார்கள். அவர்கள் என் நன்மைக்காகத்தான் சொல்கிறார்கள். ஆனால் ஆச்சி சொன்ன "வாசிக்கதுக்கு என்ன வேணும்?" என்ற கேள்வியை எந்த மொழியில் மாற்றினாலும் அது ஆச்சியின் கேள்வியாக இருக்காது. தமிழிலேயே தட்டச்சு செய்யக் கொடுத்துவிட்டேன்.

ஏப்ரல் 3, வியாழன்

வாய்மொழித் தேர்வு முடிந்தது. புறத்தேர்வாளர் முதல் பத்து நிமிடம் ரேனியஸையும் 1835-இல் அவர் மிஷனைப் பிரிந்ததையும் பற்றிக் கேட்டார், பதில் சொன்னேன். பிறகு அட்டவணைப் பக்கத்தைத் திறந்து, "பெயரெழுதத் தெரிந்தோர், குறியிட்டோர்" என்ற தலைப்பில் விரலை வைத்து, ஏன் "கல்வியறிவு" என்று போடவில்லை என்றார். சங்கத்து நோட்டையும் பெரிய எழுத்து வேதப்புத்தகத்தையும் பற்றிச் சொன்னேன். அவர் குறுக்கே ஒன்றும் பேசவில்லை. கடைசியில் ஆச்சிக்கு என்ன வயது என்று மட்டும் கேட்டார்.

ஏப்ரல் 13, குருத்தோலை ஞாயிறு

விடியற்காலையில் அப்பா வெட்டிக் கொண்டுவந்த பனங்குருத்தைக் கிழித்துச் சிலுவை முடைந்து, பிள்ளைகளோடு பவனி போய் வந்தோம். மதியம் ஆய்வேட்டின் என்னுடைய பிரதியை ஆச்சியிடம் கொடுத்தேன். எழுத்து சிறிதாக இருக்கிறது என்று முற்றத்து வெளிச்சத்துக்குப் போய், சுட்டுவிரலை வைத்து, சங்கீதம் வாசிக்கும் அதே இராகத்தில் மூன்றாம் இயலை வாசிக்கத் தொடங்கினார்கள். இரண்டு பக்கங்களுக்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று.

ஓர் இடத்தில் விரல் நின்றது. ஒரு குடும்பத்தின் தொழிலைப் பதிவேட்டில் இருந்தபடி "பயிர்த்தொழில்" என்று நான் எழுதியிருந்தேன்.

"இது யாரு சொன்னா? அவுகளுக்கு ஒரு சென்ட் நெலம் கெடையாதே. அடுத்தவன் மரத்துல ஏறித்தான் பொழைச்சாக. கல்யாணத்தன்னைக்கு ஐயர் கேட்டா, பனையேறின்னு சொல்ல யாருக்கு மனசு வரும்?"

பென்சிலை எடுத்து, அந்தச் சொல்லுக்கு நேரே ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டேன். ஆச்சி அடுத்த வரிக்கு விரலை நகர்த்தினார்கள்.