‘ஆரோஸ்மித்’ நாவலைத் தேர்வுக்கு எப்படிப் படிக்கலாம்?

எம்.ஏ. ஆங்கில இலக்கியத்தில் அமெரிக்க நாவலாசிரியர் சின்க்ளேர் லூயிஸின் ‘ஆரோஸ்மித்’ (1925) பாடமாக வந்தால், அதன் பருமனைப் பார்த்தே பலர் கைடுக்குப் போய்விடுகிறார்கள். கைடில் இருப்பது ஒரே சூத்திரம்: லட்சிய டாக்டர், பணத்தாசை பிடித்த சமூகம், நடுவில் போராட்டம். அதை விட்டுவிட்டு பிளேக் பரவும் தீவு அத்தியாயங்களைப் பிடித்துக்கொண்ட பிறகுதான் இந்த நாவல் எனக்குத் தேர்வில் கைகொடுத்தது.

முதல் வாசிப்பில் ஊர்களை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். வின்னிமாக் என்ற கற்பனை மாநிலத்தின் மருத்துவக் கல்லூரி, வடக்கு டகோட்டா கிராமம், நாட்டிலஸ் நகரச் சுகாதாரத் துறை, சிகாகோ கிளினிக், நியூயார்க்கின் மக்கர்க் ஆராய்ச்சி நிறுவனம். ஒவ்வோர் ஊரிலும் கதாநாயகன் டாக்டர் மார்ட்டின் ஆரோஸ்மித்தை யாரோ எதையோ விட்டுக்கொடுக்கச் சொல்கிறார்கள். யார், எதை என்று மார்ஜினில் ஒரு வரி எழுதி வையுங்கள். பாட்டுக் கட்டிச் சுகாதாரப் பிரசாரம் செய்யும் நாட்டிலஸ் சுகாதார அதிகாரி பிக்கர்பாவுக்குக் குறுவிடை அளவு நேரம் போதும்.

பிளேக் பரவும் செயின்ட் ஹூபர்ட் தீவுக்கு வந்ததும் நிதானமாகப் படியுங்கள். பாக்டீரியாவைக் கொல்லும் வைரஸ்தான் ஃபேஜ். பிளேக்கை அது தடுக்கிறதா என்று உறுதியாகத் தெரிய வேண்டுமென்றால் பாதிப் பேருக்குப் போட்டு, மீதிப் பேருக்குப் போடாமல் ஒப்பிட வேண்டும். அப்படியே செய்வதாகக் குரு காட்லீபுக்கு மார்ட்டின் வாக்குக் கொடுத்துவிட்டுக் கப்பல் ஏறுகிறான். போடாத பாதி அவன் கண்முன்னே சாகும். இந்தச் சோதனை முறை புரியாமல் எழுதினால் அறச்சிக்கல் என்ற சொல் விடையில் வெறுமனே நிற்கும்.

இங்கே இரண்டு சாவுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எல்லோருக்கும் கொடுக்கும்வரை எனக்கும் ஊசி வேண்டாம் என்று மார்ட்டினுடன் வந்த தொற்றுநோய் நிபுணர் சோண்டெலியஸ் மறுத்து, பிளேக்கில் சாகிறார். மார்ட்டினின் மனைவி லியோராவின் கதை வேறு. வேலைக்காரி தட்டிவிட்ட சோதனைக் குழாயிலிருந்து சிந்திய கிருமி, மேசையில் கிடந்த பாதி சிகரெட்டில் ஊறியிருக்கிறது. கணவன் ஊரில் இல்லாத தனிமையில் அவள் அதை எடுத்துப் பற்றவைக்கிறாள். அவள் போன பிறகுதான் மார்ட்டின் கட்டுப்பாட்டை உடைத்துக் கேட்டவருக்கெல்லாம் ஃபேஜ் போடுகிறான். சோண்டெலியஸ் மறுத்தது கொள்கையால், மார்ட்டின் உடைத்தது துக்கத்தால். இந்த வேறுபாட்டைச் சொல்லாமல் அவனை மனிதநேயர் என்று பாராட்டுவது நாவலுக்குச் செய்யும் அநியாயம் என்றே நினைக்கிறேன். ஊர் அவனை வீரனாகக் கொண்டாடுகிறது. தவறை ஒப்புக்கொள்ளலாம் என்று திரும்பினால், காட்லீப் புத்தி பேதலித்து, கேட்கும் நிலையிலேயே இல்லை. நெடுவிடைக்கு இதைவிட நல்ல பகுதி நாவலில் கிடையாது.

வெளித் தகவல் கொஞ்சம் சேர்க்கலாம். ஆய்வுக்கூட விவரங்களில் லூயிஸுக்கு உதவிய பால் டி குரூயிஃப், ராக்பெல்லர் நிறுவனத்தில் வேலை பார்த்த பாக்டீரியா ஆய்வாளர். 1926-ல் இந்த நாவலுக்குக் கிடைத்த புலிட்சர் பரிசை லூயிஸ் மறுத்தார். 1930-ல் நோபல் பெற்றார். பிரிட்டனில் காசநோய்க்கு நடந்த ஸ்ட்ரெப்டோமைசின் சோதனையின் முடிவு 1948-ல் வெளிவந்தது. அதிலும் ஒரு பிரிவுக்கு மருந்து கொடுக்கவில்லை. மருந்து அப்போது போதுமான அளவு இல்லாததும் அதற்கு ஒரு நியாயமாகச் சொல்லப்பட்டது. மார்ட்டின் செய்தது சரியா என்று விவாதிக்கும் பத்தியில் இதை ஒரு வரியில் வைத்தால் வாதத்துக்குப் பலம் கூடும்.

முடிவைப் பற்றிக் கேள்வி வந்தால், லியோராவுக்குப் பிறகு மணந்த பணக்கார மனைவி ஜாய்ஸை விட்டு வெர்மான்ட் காட்டுக்கு மார்ட்டின் சக ஆய்வாளர் டெர்ரி விக்கெட்டுடன் ஆராய்ச்சி செய்யப் போவதை முழு வெற்றியாக எழுதிவிடாதீர்கள். ஜாய்ஸோடு ஒரு கைக்குழந்தையையும் அவன் விட்டுப் போகிறான். பல நோட்ஸில் அந்தக் குழந்தையே இருக்காது. உங்கள் விடையில் இருக்கட்டும்.