நாலடி வாசல்

பெத்லகேமில் இயேசு பிறந்த இடமென்று சொல்லும் குகைமேல் இருக்கும் திருப்பிறப்புப் பேராலயத்துக்கு வாசல் சுமார் 4 அடி உயரம்தான். தாழ்மையின் வாசல் என்று பெயர். எத்தனையோ முறை படத்தில் பார்த்ததுதான், ஆனாலும் முதுகுப்பையைக் கழற்றாமலே குனிந்தேன். பை மேல்கல்லில் மாட்டிக்கொண்டது. முன்னேயும் போக முடியவில்லை, பின்னேயும் வர முடியவில்லை. பின்னால் நின்றவர் பையை ஓர் அமுக்கு அமுக்கி என்னை உள்ளே தள்ளிவிட்டார். ராஜாவைப் பார்க்கப் போன லட்சணம் இது.

நுழைவதற்கு முன் வெளிச்சுவரை நன்றாகப் பார்த்திருந்தேன். மேலே, 6-ம் நூற்றாண்டில் ஜஸ்டினியன் பேரரசர் காலத்தில் கட்டிய பெரிய வாசலின் அடையாளம். அதற்குள், சிலுவைப்போர்க் காலத்துக் கூர்வளைவு. அதையும் கல்வைத்து அடைத்தபின் மிஞ்சியதுதான் இந்தப் பொந்து. யாரும் குதிரையோடும் வண்டியோடும் உள்ளே புகுந்துவிடக் கூடாதென்று அடைத்தார்களாம். பக்தர்களைக் குனியவைக்க யாரும் யோசித்துக் கட்டியதல்ல. குதிரைக்குப் போட்ட தடை. இதைக் கேட்டதும் எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

அப்புறம் பழைய ஏற்பாட்டின் சகரியா தீர்க்கதரிசி நினைவுக்கு வந்தார். உன் ராஜா தாழ்மையுள்ளவராய்க் கழுதையின்மேல் ஏறி வருகிறார் என்ற 9:9-ஐக் குருத்தோலை ஞாயிறுதோறும் வாசிக்கிறோம். அடுத்த வசனத்தை அவ்வளவாகக் கவனிப்பதில்லை. எருசலேமிலிருந்து குதிரைகள் அற்றுப்போகும், யுத்தவில்லும் இல்லாமற்போகும் என்கிறது அது. கழுதையில் வருகிறவர் ஏழை என்பதால் மட்டும் அப்படி வரவில்லை. குதிரையும் வில்லும் இல்லாமல் ஆள வருகிறார். அப்படியானால் குதிரை நுழைய முடியாத வாசல் இவருக்குப் பொருத்தம்தானே!

ஆலயத்துக்கு அடியில் இருக்கும் அந்தப் பிறப்புக் குகைக்குள் இறங்கப் பெரிய வரிசை. ஒரு குழு நடுவில் புகுந்துவிட்டது. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. வாயில் ஜெபம், கண் முழுக்க அவர்கள்மேல். அந்த நேரத்தில்தான் ஏரோது ராஜா ஞாபகம். “நானும் வந்து பணிந்துகொள்ள வேண்டும்” என்று, குழந்தை இயேசுவைத் தேடிக் கிழக்கிலிருந்து வந்த ஞானிகளான சாஸ்திரிகளிடம் சொன்னவன் அவன். அவன் கட்டிய கோட்டை மலை பெத்லகேமுக்குத் தென்கிழக்கே இன்றும் கூம்புபோல நிற்கிறது. பணிவதாகச் சொன்னான், நினைத்ததோ கொலை. வில்லும் வளையத்தான் செய்கிறது, அம்பு எய்வதற்காக. பின்னொரு நாள் இயேசுவுக்கு முள்முடி வைத்து “ராஜாவே, வாழ்க” என்ற போர்ச்சேவகரும் முழங்கால் மடக்கியவர்கள்தானே. உடம்பு குனிவதால் மட்டும் ஆராதனை ஆகிவிடாது. சாஸ்திரிகள் விழுந்தது எதற்குமுன்? படையில்லை, அரியணையில்லை, பதிலுக்கு எதுவும் தர முடியாத ஒரு கைக்குழந்தை. பொன்னையும் வைத்துவிட்டு, கேட்காமலே திரும்பிப் போனார்கள். நான் இறங்குவதற்குள் மனதில் கேட்பதற்கு ஒரு பட்டியலே வைத்திருந்தேன்.

குகை சிறியது. பீடத்தின் அடியில், பளிங்குத் தரையில் 14 முனை வெள்ளி நட்சத்திரம். நின்றபடி தொட முடியாது. முழங்காலிட்டு, தலையைப் பீடத்துக்கு அடியில் நுழைத்தால்தான் கை எட்டும். பல கைகள் பட்டுத் தேய்ந்த வெள்ளி, நடுவில் வட்டமாய் ஒரு துளை. விரலை உள்ளே விட்டேன், சில்லென்று கல். பட்டியலில் ஒன்றுகூட வாயில் வரவில்லை. சில நொடிதான், அடுத்தவருக்கு இடம்விட வேண்டும்.

வெளியேற அதே வாசலுக்கு வந்தேன். இம்முறை பையைக் கழற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். ஆனால் எதிரே ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். முதலில் ஒரு தலை குனிந்து வரும், அப்புறம் தோள், அப்புறம்தான் நிமிர்ந்த முகம். வழுக்கைத் தலை, முக்காடிட்ட தலை, ஒரு சிறுவனின் சுருட்டைமுடி. நேர் எதிரே நின்ற எனக்கு, ஒவ்வொருவரும் என்னைத்தான் வணங்குவதுபோல் இருந்தது. சட்டென்று சுவரோரம் ஒதுங்கிக்கொண்டேன்.