போன பிங் திரும்பி வர வேண்டுமே

கிளிநொச்சியில் நெட்வேர்க்கிங் படித்த காலத்தில், செயன்முறைப் பரீட்சையில் ஸ்டற்றிக் ரவுட் (எந்த நெட்வேர்க்குக்கு எந்த வழி என்று ரவுட்டருக்கு நாமே கையால் எழுதிக் கொடுப்பது) கேள்விக்குப் பாதி மார்க்ஸைப் பறிகொடுத்தேன். கட்டளை எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. பிறகும் கோட்டை விட்டேன்.

இரண்டு ரவுட்டர்கள். இடப்பக்க லான், அதாவது உள்ளக நெட்வேர்க், 192.168.10.0, வலப்பக்கம் 192.168.30.0, இரண்டையும் இணைக்கும் லிங்க் 10.0.0.0/30. இடது ரவுட்டரில் ‘ஐபி ரவுட் 192.168.30.0 255.255.255.0 10.0.0.2’ என்று அடித்தேன். வலப்பக்க லானுக்குப் போவதை வலது ரவுட்டரின் 10.0.0.2 க்கு அனுப்பு என்று அர்த்தம். அங்கிருந்தே வலப்பக்கக் கணினிக்குப் பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் சோதனைச் செய்தி) போட்டேன். ஐந்து பதில்களுக்கு ஐந்து ஆச்சரியக்குறிகள் விழுந்ததும் கையை உயர்த்திவிட்டேன். சேர் வந்து ரவுட்டரைப் பார்க்கவே இல்லை. இடப்பக்கக் கணினியைத் திறந்து அதே முகவரிக்குப் பிங் போட்டார். ‘ரிக்வெஸ்ட் டைம்டு அவுட்’, அதாவது பதிலே வரவில்லை, நாலு தரம்.

“இப்பதானே சேர் போனது!”

“ரவுட்டரிலயிருந்து போகும் தம்பி. கணினியிலயிருந்து?”

விஷயம் இதுதான். ரவுட்டர் பிங் அனுப்பும்போது, வெளியேறும் வாசலின் முகவரியான 10.0.0.1 தான் அனுப்புநர் முகவரியாகப் போகும். அது வலது ரவுட்டருக்கு நேரடியாகத் தெரிந்த நெட்வேர்க், ஆகவே பதில் வந்துவிடும். கணினி அனுப்பினால் பதில் 192.168.10.0 க்கு வர வேண்டும். அந்த வழியை நான் வலது ரவுட்டருக்குச் சொல்லவே இல்லை. பின்னேரம் வகுப்பு முடிந்து பரந்தன் சந்தியில் நின்றவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. காலையில் பஸ் வந்தது என்பதற்காக வீட்டுக்குத் திரும்பவும் பஸ் இருக்கும் என்றில்லை.

அதற்குப் பிறகு விசைப்பலகையைத் தொடுமுன் தாளில் ஒரு கணக்குப் போடுவேன். வரிசையாக மூன்று ரவுட்டர்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு லான் என்றால் மூன்று லான், இடையில் இரண்டு லிங்க், மொத்தம் ஐந்து நெட்வேர்க். ஓரத்து ரவுட்டர்களுக்கு இரண்டு தெரியும், மூன்று தெரியாது. நடுவில் உள்ளதற்கு மூன்று தெரியும், இரண்டு தெரியாது. ஆக, தெரியாத ஒவ்வொன்றுக்கும் ஒன்றாக 3+2+3, எட்டுக் கட்டளைகள். ஏழோடு நிறுத்தியிருந்தால் எங்கோ ஒன்று விடுபட்டிருக்கிறது. ஓரத்து ரவுட்டர்களில் 0.0.0.0 0.0.0.0 என்று டிஃபோல்ட் ரவுட் (வழி தெரியாத எல்லாவற்றுக்கும் ஒரே வழி) போட்டால் நாலோடு முடியும். நேரம் மிச்சம்தான். ஆனால் நடு ரவுட்டரிலும் சோம்பலில் அதைப் போட்டு ஓரத்தைக் காட்டிவிடாதீர்கள். எவருக்கும் தெரியாத முகவரிக்கு ஒரு பக்கற் (தரவுப் பொதி) வந்தால், அதன் டிடிஎல் (இன்னும் எத்தனை ரவுட்டர்களைத் தாண்டலாம் என்ற எண்) தீரும்வரை இரண்டு ரவுட்டர்களும் மாறி மாறி எறிந்துகொண்டிருக்கும்.

பிங் தோற்றால் என்ன எழுதி வருகிறது என்று வாசியுங்கள். கேட்வேயின் (கணினி வெளியே அனுப்பப் பயன்படுத்தும் ரவுட்டரின்) முகவரியிலிருந்து ‘டெஸ்டினேஷன் ஹோஸ்ட் அன்ரீச்சபிள்’ என்று வந்தால், பெரும்பாலும் அந்த ரவுட்டருக்கே போகும் வழி தெரியாது. ‘டைம்டு அவுட்’ என்றால் நான் முதலில் சந்தேகிப்பது திரும்பும் வழியை. முதல் பிங்கில் மட்டும் ஆச்சரியக்குறிக்குப் பதில் ஒரு புள்ளி (பதில் வரவில்லை) விழுந்தால் பயப்பட வேண்டாம், ஏஆர்பி அடுத்த சாதனத்தின் வன்பொருள் முகவரியைத் தேடும் நேரம் அது. என்னோடு படித்த ஒருவன் அந்தப் புள்ளியைக் கண்டு சரியான கட்டளைகளை எல்லாம் அழித்துவிட்டான்.

சிசிஎன்ஏ (சிஸ்கோ நிறுவனத்தின் நெட்வேர்க்கிங் சான்றிதழ்ப் பரீட்சை) எழுதுகிறவர்கள் ஃபுளோட்டிங் ஸ்டற்றிக்கையும், அதாவது முதல் வழி விழுந்தால் மட்டும் வரும் மாற்று வழியையும், விடக்கூடாது. புதுக்குடியிருப்பிலிருந்து முல்லைத்தீவுக்கு வழமையான பாதை வட்டுவாகல் பாலம். மாரியில் பாலத்தின்மேல் வெள்ளம் ஏறினால் ஒட்டுசுட்டான், முள்ளியவளை என்று சுற்றிப் போவோம். அந்தச் சுற்றுப்பாதைக்கான கட்டளையின் கடைசியில் 5 போல ஓர் எண் சேர்த்தால் போதும். எண் எதுவும் சேர்க்காத ஸ்டற்றிக் ரவுட்டின் இயல்பான மதிப்பு 1, சிறியதுதான் வெல்லும். வழிகளின் பட்டியலைக் காட்டும் ‘ஷோ ஐபி ரவுட்’டில் மாற்று வழி தெரியவில்லையே என்று குழம்பாதீர்கள். முதல் வழி விழுந்தால்தான் அது தலைகாட்டும். முதல் வழியின் இன்டர்ஃபேஸை (ரவுட்டரின் அந்த வாசலை) ஷட்டவுன் செய்து பாருங்கள்.

ஆனால் நடுவில் ஒரு சுவிட்ச் இருந்து, அதற்கு அப்பால் கேபிள் அறுந்தால், உங்கள் பக்க இன்டர்ஃபேஸ் அப்பிலேயே இருக்கும். ரவுட்டரும் பழைய வழியிலேயே அனுப்பிக்கொண்டிருக்கும். பாலத்தில் தண்ணீர் நிற்பது புதுக்குடியிருப்புச் சந்தியில் நிற்பவனுக்கு எப்படித் தெரியும்?