சாரலில் அறுந்த இணைப்பு

செங்கோட்டையில் உள்ள ஒரு லாரி புக்கிங் அலுவலகத்தின் பில் போடும் சர்வரை நான்கு ஆண்டுகளாக நான்தான் பார்த்துக்கொள்கிறேன். சர்வர் இருப்பது பெங்களூரில். நான் இருப்பது புளியரையில், கேரள எல்லைக்கு அருகில். காய்கறியும் வைக்கோலும் ஏற்றிய வண்டிகள் இருட்டிய பிறகு ஆரியங்காவு வழியாகக் கொல்லம் பக்கம் இறங்கும் என்பதால், மாலை ஆறு மணிக்கு மேல் அந்த சர்வர் நிற்கக் கூடாது என்பது அண்ணாச்சி எனக்கு இட்ட ஒரே கட்டளை.

அதில் ஓடிக்கொண்டிருந்த டெபியன் 11 என்ற லினக்ஸ் இயங்குதளத்துக்கான வழக்கமான பாதுகாப்பு ஆதரவு 2024 ஆகஸ்டில் முடிய இருந்ததால், ஜூலையில் ஒரு ஞாயிறு மதியம் அதை டெபியன் 12க்கு உயர்த்த உட்கார்ந்தேன். தரவுத்தளத்தின் நகலை முதலில் என் கணினிக்கு இறக்கிக்கொண்டேன். அன்று செய்தவற்றில் முழுக்கச் சரியானது அது ஒன்றுதான். சாரல் காற்றில் வீட்டில் மின்சாரம் போயிருந்தது. ஃபோனின் ஹாட்ஸ்பாட்டை நம்பி, தொலைவிலுள்ள கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் வழியாக உள்ளே போய், மேம்படுத்தும் கட்டளையை நேராக அந்த டெர்மினலிலேயே (கட்டளை எழுதும் திரையிலேயே) கொடுத்துவிட்டேன்.

பொதிகள் (மென்பொருள் தொகுப்புகள்) எல்லாம் இறங்கி, ஒவ்வொன்றாக நிறுவப்பட்டுக்கொண்டிருந்தபோது திரை உறைந்தது. புளியரையில் ஃபோன் சில நேரம் மலைக்கு அந்தப் பக்கத்து டவரைப் பிடித்துக்கொள்ளும். திரும்ப இணையம் வந்தபோது என் ஐபி முகவரி மாறியிருந்தது. எஸ்எஸ்எச் பயன்படுத்தும் டிசிபி என்ற தொடர்பு முறையில், இரு முனைகளின் முகவரியையும் போர்ட் எண்ணையும் வைத்தே ஒரு இணைப்பு அடையாளம் காணப்படுவதால், முகவரி மாறிய கணத்திலேயே பழைய இணைப்பு செத்துவிட்டது. ஓடும் நிரலை நிறுத்தும் கன்ட்ரோல் சி-யை அழுத்திப் பயனில்லை, ஏனென்றால் அந்த விசையும் சர்வர் வரை போய்ச் சேர வேண்டும். என்டர், அதன்பின் அலைக்குறி (~), அதன்பின் புள்ளி ஆகிய மூன்று விசைகளையும் வரிசையாக அழுத்தினால் எஸ்எஸ்எச் நிரல் நம் கணினியிலேயே அதைப் புரிந்துகொண்டு வெளியேறும். அப்படித்தான் வெளியே வந்தேன்.

மறுபடி உள்ளே நுழைந்து மேம்படுத்தலைத் தொடர முயன்றபோது, ஒரே நேரத்தில் இரண்டு நிரல்கள் பொதிகளை மாற்றாமல் தடுக்கும் பூட்டுக் கோப்பு வேறொரு நிரலின் பிடியில் இருப்பதாகப் பதில் வந்தது. அந்தக் கோப்பை அழித்துவிடத் தோன்றும்; பலர் அழித்தும் விடுகிறார்கள். முந்தைய நிரல் உயிரோடு இருக்கும்போது அழித்தால் இரண்டு நிரல்கள் ஒரே பொதிகளின் மேல் கைவைக்கும். ஆகவே காத்திருந்து, அது தானாக முடிந்ததை நிரல் பட்டியலில் உறுதிசெய்துகொண்ட பிறகே பதிவுக் கோப்பைத் திறந்தேன். தரவுத்தளத்தின் அமைப்புக் கோப்பில் நான் செய்திருந்த மாற்றங்களை வைத்துக்கொள்வதா, புதிய கோப்பை ஏற்பதா என்று, பொதிகளை நிறுவும் நிரலான டிபிகேஜி கேட்டிருக்கிறது. பதில் சொல்ல ஆள் இல்லாமல் உள்ளீடு அங்கேயே முடிந்துபோனது என்று அதில் இருந்தது. தரவுத்தளம் பாதி நிறுவிய நிலையில் கிடந்தது.

நான்கு மணிக்கு அண்ணாச்சி அழைத்தார். “தம்பி, பில் வரலியே. வண்டி ரெண்டு லோடு ஏத்தி நிக்குது.” ஆறு மணிக்குள் வந்துவிடும் என்று சொல்லிவிட்டு, பாதியில் நின்ற பொதிகளின் பட்டியலை எடுத்து, டிபிகேஜிக்கு எல்லாவற்றையும் அமைத்து முடிக்கும் கட்டளையைக் கொடுத்தேன். இம்முறை அதே கேள்வி வந்தபோது பதில் சொல்ல நான் இருந்தேன். ஐந்தே முக்காலுக்கு முதல் பில் அச்சாகியது.

அந்த வாரமே வேலை செய்யும் முறையை மாற்றிக்கொண்டேன். சர்வரில் டீமக்ஸ் என்ற நிரலை நிறுவினேன். அதற்குள் தொடங்கும் வேலை சர்வரிலேயே உயிரோடிருக்கும், இணைப்பு போனாலும் அதற்குத் தெரியாது. டெர்மினல் போனால் அதில் ஓடுபவற்றுக்கு ‘ஹேங்கப்’ என்ற சமிக்ஞை செல்வதுதான் லினக்ஸ் உள்ளிட்ட யூனிக்ஸ் வகை இயங்குதளங்களின் வழக்கம். தொலைபேசிக் கம்பி வழியே இணைந்த காலத்தின் பெயர் அது. எங்கள் ஊர்ச் சிக்னலுக்கு அதற்கு மேலும் ஒன்று தேவைப்பட்டது. 2012இல் வெளிவந்த மோஷ் என்ற நிரல், எஸ்எஸ்எச் மூலம் நுழைந்தபின், நிலையான இணைப்பு தேவைப்படாத யுடிபி முறைக்கு மாறிக்கொள்வதால், ஐபி முகவரி மாறினாலும் விடுவதில்லை. அதற்காக 60000 முதல் 61000 வரையிலான யுடிபி போர்ட்டுகளை, வெளியிலிருந்து வரும் தொடர்புகளை வடிகட்டும் ஃபயர்வாலில் திறக்க வேண்டியிருந்தது.

ஃபயர்வாலில் ஒரு வரி தவறினால் என்னையே வெளியே பூட்டிவிடும். ஆகவே ஐந்து நிமிடத்தில் ஃபயர்வால் தானாக அணையும்படி குறித்த நேரத்தில் வேலையை இயக்கும் ‘அட்’ கட்டளையில் முதலில் எழுதிவைத்தேன். புதிய விதிகளைப் போட்டு, இரண்டாவது ஜன்னலிலிருந்து உள்ளே நுழைய முடிந்த பிறகே அந்தக் கட்டளையை நீக்கினேன். கடவுச்சொல்லை நிறுத்திச் சாவிக் கோப்புக்கு மாறியபோதும் இதே ஒழுங்குதான். முதலில் அமைப்புக் கோப்பை, சர்வர் பக்கத்து எஸ்எஸ்எச் நிரலான எஸ்எஸ்எச்டியைக் கொண்டே பிழை சரிபார்த்தேன். மீளேற்றிய பின், புதிய இணைப்பு நின்று பேசும்வரை பழைய இணைப்பை மூடவில்லை.

2025 ஆகஸ்ட் கடைசியில் டெபியன் 13க்கு ஏறினேன். அன்றும் சாரல். பாதி வழியில் திரையின் மேலே மோஷின் நீலப் பட்டை தோன்றி, கடைசித் தொடர்பு எத்தனை விநாடிகளுக்கு முன் என்று எண்ணத் தொடங்கியது. நாற்பதைத் தாண்டி ஓடிய எண் சட்டென்று மறைந்தது. அமைப்புக் கோப்பைப் பற்றிய அதே கேள்வி, கர்சர் அதே வரியில் துடிக்க, எனக்காகக் காத்திருந்தது. பழையதையே வைத்துக்கொள்ளச் சொல்லி என்டர் அழுத்தினேன். அடுத்த பொதி நிறுவப்படத் தொடங்கியது.