கட்ச் ஒர்க்: அடித்தையலில்தான் எல்லாம்

கட்ச் ஒர்க் என்ற பின்னல் பூவேலை போட்ட ரவிக்கை இங்கே ஈரோட்டில் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் கண்ணில் படும். பார்க்கப் பார்க்க ஆசை வந்து, பக்கத்துத் தெருவில் தையல் சொல்லித்தரும் அக்காவிடம் சேர்ந்தேன்.

இதில் இரண்டு சுற்று வேலை. முதலில் அடித்தையல். துணியில் கட்டம் வரைந்து, ஃபிரேமில் விறைப்பாக மாட்டி, ஓரப் புள்ளிகளை நீளமான சாய்வுத் தையல்களால் இணைக்க வேண்டும். சாதாரண ஹெர்ரிங்போனில், அதாவது குறுக்கும் நெடுக்குமாகச் சாய்த்துப் போடும் தையலில், புது நூல் எப்போதும் பழைய நூலின் மேலேயே விழும். இங்கே அப்படி விட முடியாது. ஒரு வெட்டில், அதாவது இரண்டு நூல் குறுக்கிடும் இடத்தில், மேலே போன நூல், அடுத்த வெட்டில் பழைய நூலுக்கு அடியில் நுழைந்து போக வேண்டும். ஓரிடத்தில் இந்த வரிசை மாறினாலும் இரண்டாம் சுற்றில் பின்னல் அங்கே பிடிக்காமல் நழுவிவிடும். "அவசரப்படாத கண்ணு, அடி சரியா இருந்தா மேல தானா வரும்" என்பார் அக்கா. ஒவ்வொரு வெட்டையும் விரலால் தொட்டு, மேல், கீழ் என்று வாய்விட்டுச் சொல்லிப் பார்த்த பிறகுதான் அடுத்த நூலை எடுக்க விடுவார். எனக்கு இந்தக் கண்டிப்பு ரொம்பப் பிடித்தது.

இரண்டாம் சுற்றில் ஊசி துணிக்குள்ளேயே இறங்காது. அடித்தையலின் ஒவ்வொரு வெட்டையும் சுற்றி, மேலும் கீழுமாகப் புகுந்து, சிக்குக் கோலத்தின் கோடு போலப் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரும். கூர் ஊசி இழையைக் கிழித்துவிடும் என்பதால் காதுப் பக்கத்தை முன்னால் விட்டுக் கோக்கிறோம். மொட்டை ஊசி இருந்தால் இன்னும் நல்லது. நூலை இறுக்கி இழுத்தால் அடித்தையல் உள்ளே குறுகி, பூவின் நடுவில் ஓட்டை விழும். முடித்ததும் துணியைத் திருப்பிப் பாருங்கள், பின்பக்கம் சின்னச் சின்னப் புள்ளிகள்தான் இருக்கும். நூல் முழுக்க முன்பக்கத்திலேயே நிற்கிறது.

குஜராத்தின் கட்ச் பகுதியில் ஒவ்வொரு சமூகத்துக்கும் தனித்தனிக் கைவேலை உண்டு. ஆஹிர் பெண்கள் சங்கிலித் தையலும் கண்ணாடியும் வைத்துப் போடுவார்கள். நாம் கட்ச் ஒர்க் என்று சொல்வது அந்தப் பெரிய குடும்பத்தில் ஒன்று மட்டுமே. இதே பின்னல் இன்று துருக்கியில் இருக்கும் மராஷ் ஊரின் ஆர்மீனியப் பெண்களிடமும் இருந்தது. 1915 படுகொலையில் உயிர் தப்பியவர்கள் அதை சிரியாவுக்கும் லெபனானுக்கும் கொண்டுபோனார்கள். வீடு வாசல் போன பிறகும் கையில் மிஞ்சிய வேலை அது. அதைப் படித்த நாளிலிருந்து இந்தத் தையல் மேல் எனக்குத் தனி மரியாதை.

ஒரே ஒரு யோசனை. சிலர் முதல் ரவிக்கையிலேயே அடிக்கு ஒரு நிறம், பின்னலுக்கு இன்னொரு நிறம் என்று போகிறார்கள். பழகும்போது துண்டுத் துணியில் அப்படிச் செய்யுங்கள், எந்த நூல் எங்கே போகிறது என்று தெளிவாகத் தெரியும். ரவிக்கையில் எனக்கு இரண்டும் ஒரே நிறமாக இருப்பதுதான் அழகு. அரக்குப் பட்டுக் கைக்கு மாம்பழ மஞ்சள் எடுத்து வைத்திருக்கிறேன்.