வரைபடத்தில் 'காலி இடம்'

தண்டையார்பேட்டைப் பக்கம் ஒரு சின்னப் பூங்கா. ஆறு கிரவுண்டு, அதாவது 14,400 சதுர அடி. அதில் புதிதாக என்னென்ன விளையாட்டு வசதிகள் செய்யலாம் என்று திட்டம் போட்டுக் கொடுக்கும் வேலை எங்கள் அலுவலகத்துக்கு வந்தது. பூங்கா வடிவமைக்கும் சிறிய நிறுவனம் எங்களுடையது. நான் அங்கே சேர்ந்து பதினோரு வருடம் ஆகிறது. கையில் கொடுத்த வரைபடத்தின் நடுவில் ஒரு நீள்சதுரம் போட்டு, 'காலி இடம்' என்று எழுதியிருந்தது. அங்கே ஸ்கேட்டிங் தளம் போடுவது என்று ஏற்கெனவே பேசி முடித்துவிட்டார்கள். நான் போய் அளந்து, தரைமட்டம் பார்த்து, மரங்களைக் குறித்துக்கொண்டு வந்தால் போதும்.

டேப்பை விரிக்கும்போதே பூவரச மரத்தடியிலிருந்து ஒரு குரல். சிமெண்ட் பெஞ்சில் நான்கு பெண்கள் தாயம் ஆடிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் மூத்தவர்தான் கூப்பிட்டார்.

"இன்னா பாப்பா, அளக்குறீங்க?"

"பார்க்கைப் புதுசா பண்ணப் போறாங்க ஆயா."

"பண்ணுங்க, நல்லா பண்ணுங்க. நாங்க எங்க போய் குந்துறதுன்னு மட்டும் சொல்லிட்டுப் பண்ணுங்க."

அந்த பெஞ்ச், ஸ்கேட்டிங் தளத்தின் ஓரக் கோட்டுக்கு உள்ளேதான் வந்தது. புது வரைபடத்தில் பெஞ்ச் இல்லை. அவருக்கு என்ன சொல்வதென்று தெரியாமல், அளவை முடித்துக்கொண்டு திரும்பிவிட்டேன். ஆனால் அந்தக் கேள்வி மனதை விட்டுப் போகவில்லை. ஒரு வாரம் டைம் கேட்டு, ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு மறுபடியும் அங்கேயே போய் உட்கார்ந்தேன். அரை மணிக்கு ஒருதரம் யார் எங்கே இருக்கிறார்கள், என்ன செய்கிறார்கள் என்று எழுதுவது. அவ்வளவுதான் வேலை.

விடியற்காலை ஐந்தரைக்கு இரண்டு பையன்கள் வந்து அந்தக் 'காலி இட'த்தில் குத்துச்சண்டைக்கு ஸ்டெப் போட்டுப் பழகினார்கள். கயிறு தாண்டும் சத்தம் தெருவரைக்கும் கேட்டது. ஆறரைக்கு நடக்கிறவர்கள். மாலை நான்கு மணிக்குச் சின்னப் பிள்ளைகள், ஐந்துக்கு ரப்பர் பந்து கிரிக்கெட். விளக்கு போட்டதும் மூன்று மாணவர்கள் புத்தகத்தோடு வந்து கம்பத்தடியில் உட்கார்ந்தார்கள். சுற்றிலும் பழைய வாரியக் குடியிருப்புகள். ஒரே அறையில் ஐந்து பேர், ஆறு பேர். டிவி ஓடிக்கொண்டிருக்கும்போது அங்கே எப்படிப் படிப்பது? ஏழரைக்கு கேட் பக்கத்து விளக்கடியில் கேரம் போர்டு வந்துவிடும். ஆடுகிறவர்கள் நான்கு பேர், சுற்றி நிற்பவர்கள் பத்துப் பேருக்கு மேல்.

ஒரு நாளில் ஐந்து கூட்டத்துக்கு இடம் கொடுக்கும் மண்தரையைத்தான் நாங்கள் காலி என்று எழுதி வைத்திருந்தோம்.

நகரத்தின் புதுப் பகுதிகளில் இந்தச் சிக்கல் கொஞ்சம் குறைவு. அங்கே 10,000 சதுர மீட்டருக்கு மேல் மனை பிரித்தால் பத்து சதவீத நிலத்தைப் பொது வெளியாகத் தானமாக எழுதிக் கொடுக்க வேண்டும். ஓ.எஸ்.ஆர். நிலம் என்று சொல்வார்கள். புதுப் பூங்காக்கள் பலவும் அப்படி வந்தவைதான். ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டைத் தெருக்கள் இந்த விதிகளுக்கு எத்தனையோ காலம் முந்தியவை. தானமாகக் கொடுக்க அங்கே யாரிடமும் நிலம் மிச்சமில்லை. ஆகவே புதிதாக எதைச் செய்வதானாலும் இருக்கிற பூங்காவுக்குள்ளேயே செய்தாக வேண்டும். ஒன்றை வைத்தால் இன்னொன்று நகரும். யாரை நகர்த்துகிறோம் என்று தெரிந்தே செய்கிறோமா என்பதுதான் கேள்வி.

இது இன்றைக்கு வந்த பிரச்சினை அல்ல. 1859-இல் ஆளுநர் டிரெவெலியன் காலத்தில் பீப்பிள்ஸ் பார்க் என்று ஒன்றை உருவாக்கினார்கள். நூறு ஏக்கருக்கு மேல். குளங்கள், பேண்டு வாத்திய மேடை, உயிரியல் பூங்கா எல்லாம் இருந்தன. பார்க் டவுன் என்ற பெயரே அதனால் வந்ததுதான். மூர் மார்க்கெட், ரிப்பன் மாளிகை, விளையாட்டு அரங்கம் என்று ஒவ்வொன்றாக அந்த நிலத்தில் எழுந்தன. தனித்தனியாகப் பார்த்தால் எல்லாமே ஊருக்குத் தேவையானவைதான். கடைசியில் பூங்கா என்று சொல்ல மை லேடீஸ் பார்க் மாதிரி ஒரு துண்டுதான் மிஞ்சியது. அடுத்ததாக ராயபுரம் ராபின்சன் பூங்காவை நினைத்துக்கொள்ளுங்கள். இன்றைக்கு அது அறிஞர் அண்ணா பூங்கா. 1949 செப்டம்பரில் கொட்டும் மழையில் திராவிட முன்னேற்றக் கழகத்தின் தொடக்கக் கூட்டம் நடந்தது அங்கேதான். வட சென்னையில் ஒரு பூங்காவுக்குள் நுழையும்போதெல்லாம் எனக்கு இது ஞாபகம் வரும். அன்றைக்கு அவ்வளவு ஜனமும் நிற்க முடிந்தது என்றால், நிற்க அங்கே வெறும் தரை இருந்ததால்தான்.

சரி, எங்கள் ஆறு கிரவுண்டுக்கு வருகிறேன்.

ஊஞ்சலை எடுத்துக்கொள்ளுங்கள். எந்தப் பூங்காவில் கேட்டாலும் பிள்ளைகள் முதலில் கேட்பது அதைத்தான். ஊஞ்சலின் மேல்கம்பி தரையிலிருந்து எட்டு அடி உயரம் என்றால், முன்பக்கம் பதினாறு அடி, பின்பக்கம் பதினாறு அடி யாரும் குறுக்கே வராத இடமாக விட வேண்டும். கம்பி உயரத்தைப் போல இரண்டு மடங்கு என்பது பாதுகாப்புக் கணக்கு. ஒற்றை ஊஞ்சல் வரிசைக்கே முப்பத்திரண்டு அடி நீளம் போய்விடும். பல பூங்காக்களில் இந்த இடைவெளியைக் குறைத்து, பக்கத்திலேயே சறுக்கு மரத்தையும் நட்டுவிடுகிறார்கள். சறுக்கி வந்து இறங்கும் குழந்தை நேரே ஊஞ்சல் பலகைக்கு முன்னால் போய் நிற்கும். நெற்றியில் தையல் போட்ட பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். இடம் போதாவிட்டால் ஊஞ்சலின் எண்ணிக்கையைக் குறைக்கலாம். இடைவெளியில் கை வைக்கக் கூடாது. இந்த ஒரு விஷயத்தில் நான் யாரோடும் சமாதானம் ஆவதில்லை.

இப்படிப் பிடிவாதம் பிடிக்க எனக்கு ஒரு காரணம் உண்டு. சில வருடங்களுக்கு முன்பு, வேறொரு பூங்காவில், விளையாட்டுக் கருவிகளுக்குக் கீழே ரப்பர் தளம் போடச் சொன்னது நான்தான். விழுந்தாலும் அடிபடாது, மணலைப் போல நாய் பூனை அசிங்கம் பண்ணாது, படத்திலும் அழகாக இருக்கும். கருஞ்சிவப்பு நிறம் தேர்ந்தெடுத்தேன். மேலே நிழல் இல்லை. திறந்த பிறகு ஒரு மே மாதம் மாலை நாலரைக்குப் போனேன். நாலைந்து வயதுப் பெண் குழந்தை ஒன்று செருப்பில்லாமல் ஓடிவந்து தளத்தில் கால் வைத்தது. அடுத்த நொடியே குதித்து ஓரத்துச் சிமெண்ட் கட்டைக்கு ஏறிவிட்டது. கொஞ்ச நேரம் அங்கேயே நின்று சறுக்கு மரத்தைப் பார்த்தது. அப்புறம் கட்டைமேலேயே ஒரு சுற்று நடந்து, வந்த வழியே போய்விட்டது. நான் உள்ளங்கையைத் தளத்தில் வைத்துப் பார்த்தேன். மூன்று எண்ணுவதற்குள் எடுத்துவிட்டேன். அந்தத் தெருவுப் பிள்ளைகள் பாதிப் பேர் வெறுங்காலோடு வருவார்கள் என்பதை நான் போய்ப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். அன்றிலிருந்து எங்கே நிழல் விழுகிறது என்று குறித்த பிறகுதான் கருவிகளுக்கு இடம் குறிக்கிறேன். நிழல் இல்லாவிட்டால் வெளிர் நிறம், இல்லையென்றால் ஆற்று மணல். அசிங்கத்தைக் கூட்டி அள்ளலாம். சூட்டை என்ன செய்ய முடியும்?

கடற்காற்றும் ஒரு கணக்கு. காசிமேட்டிலிருந்து வீசும் உப்புக்காற்றுக்கு வெறும் பெயிண்ட் அடித்த இரும்பு ஓரிரு வருடம் தாங்கினால் பெரிது. பெயிண்டுக்கு உள்ளேயே துரு ஏறி, ஒருநாள் கைப்பிடி கையோடு வரும். விலை கூடினாலும் துத்தநாகத்தில் முக்கியெடுத்த குழாயைத்தான் கேட்க வேண்டும்.

இப்போது கேரம். வட சென்னையில் பூங்காவுக்குப் புதிதாக எதையாவது யோசிக்கிறவர்கள் முதலில் யோசிக்க வேண்டியது இதைத்தான் என்பது என் கருத்து. 2008-இல் உலகச் சாம்பியன் ஆன இளவழகி வியாசர்பாடிக்காரர். 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கிய காசிமா புதுவண்ணாரப்பேட்டைப் பெண், அப்பா ஆட்டோ ஓட்டுகிறவர். இவ்வளவு பேரை உருவாக்கிய ஆட்டத்துக்கு, எங்களிடம் வந்த வசதிப் பட்டியலில் ஒரு வரி கிடையாது. திறந்தவெளி ஜிம் இருந்தது, எட்டு போட்ட நடைபாதை இருந்தது, ஸ்கேட்டிங் இருந்தது. ஒரு ஜோடி ஸ்கேட் என்ன விலை என்று அந்தத் தெருவில் யாரிடமும் கேட்கவில்லை.

விளக்கடியில் ஆடிக்கொண்டிருந்த பையன்களிடம் போய்க் கேட்டேன். என்னென்ன வேண்டும் என்று தெளிவாகச் சொன்னார்கள். "காத்து அடிச்சா பவுடர் பறக்குதுக்கா. மூணு பக்கம் சுவர் வேணும், ஆனா மேல திறப்பு விடணும், இல்லன்னா வேகும். லைட்டு உசரத்துல வேணாம், போர்டுக்கு நடுவுல இறக்கிப் போடுங்க, காய்க்கு நிழல் விழக் கூடாது." போர்டையும் வாங்கித் தரலாம் என்றேன். அவர்களில் மூத்தவன் தலையை ஆட்டினான். "வேணாம்க்கா. வெளிய கெடந்தா ஈரம் ஏறி ப்ளை தூக்கிடும். போர்டு மன்றத்துல நாங்க வெச்சுக்கறோம், ஸ்டாண்டு மட்டும் போடுங்க." பராமரிப்பு யார் பொறுப்பு என்று அலுவலகத்தில் எத்தனை கூட்டம் போட்டுப் பேசியிருக்கிறோம்! அவன் ஒரு வரியில் முடித்துவிட்டான்.

பெண் பிள்ளைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். என் நோட்டில் பத்து வயது வரை பெண் குழந்தைகள் இருக்கிறார்கள். பன்னிரண்டு, பதின்மூன்றுக்கு மேல் காணவே காணோம். மறுபடியும் வருவது கையில் குழந்தையோடுதான். எதிர்க் குடியிருப்பில் பத்தாவது படிக்கும் ஒரு பெண்ணிடம் படிக்கட்டில் உட்கார்ந்து பேசினேன். முதலில் ஒன்றும் வேண்டாம் என்றாள். அப்புறம் மெதுவாகச் சொன்னாள். கேட் ஒன்றுதான் இருக்கிறது, அங்கே எப்போதும் அண்ணன்கள் கூட்டமாக நிற்கிறார்கள், அவர்களைத் தாண்டி உள்ளே போக வேண்டியிருக்கிறது. டாய்லெட் இருக்கிறது, ஆனால் பூட்டு, சாவி யாரிடம் என்று தெரியாது. இந்த இரண்டுக்கும் செலவு அதிகமில்லை. பின்பக்கத் தெருவில் இன்னொரு கேட் வைத்தோம். கேரம் கொட்டகையை முன் கேட்டிலிருந்து உள்ளே தள்ளி, வாரத்தில் மூன்று மாலை பெண்களுக்கு என்று அறிவிப்புப் பலகையில் எழுதச் சொன்னோம். டாய்லெட் சாவிக்கு மட்டும் இன்னும் ஒரு வழி பிறக்கவில்லை. காவலாளி மாறினால் சாவியும் மாறிப்போகிறது. எனக்கு அதில் இன்னும் மனத்தாங்கல்தான்.

ஸ்கேட்டிங் தளத்தைக் கைவிடச் சொல்லி வாதாடியது பெரிய கதை. சுருக்கமாகச் சொல்கிறேன். முதல் கூட்டத்தில் நோட்டைக் காட்டினேன், யாரும் பார்க்கவில்லை. இரண்டாவது கூட்டத்துக்கு, அரை மணிக்கு ஒன்றாக ஒரே இடத்தை எடுத்த போட்டோக்களை வரிசையாக ஒட்டிக் கொண்டுபோனேன். ஒரு மூத்த பொறியாளர் அவற்றை ரொம்ப நேரம் பார்த்தார். நானும் புளியந்தோப்புதான் என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. தளம் திட்டத்திலிருந்து போனது. மண்தரை மண்தரையாகவே நின்றது. மழைத் தண்ணீர் இறங்க ஓரமாக ஜல்லி நிரப்பிய பள்ளம் மட்டும் சேர்த்தோம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தபோது தண்ணீர் நின்ற இடம் எதுவென்று தாயக்கட்டைப் பெண்கள்தான் காட்டிக் கொடுத்தார்கள்.

அவர்களுடைய பெஞ்சுக்கு ஒரு கிரானைட் பலகை கேட்டேன், தாயக் கட்டம் செதுக்கியது. விலைப்பட்டியலில் அப்படி ஓர் அயிட்டம் இல்லை. பட்டியலில் இல்லாத வேலைக்குத் தனியாக டேட்டா, அதாவது விலைக் கணக்கு, போட வேண்டும். கல் இவ்வளவு, கொத்தனார் கூலி இவ்வளவு என்று உட்கார்ந்து எழுதினேன். அந்த வேலையில் நான் சந்தோஷமாகச் செய்த எழுத்து வேலை அதுதான். கொத்தனார் ஐந்துக்கு ஐந்து கட்டம் போடத்தான் தயாரானார். நான் போட்டோவைக் காட்டினேன். இவர்கள் சாக்பீஸில் போட்டு ஆடுவது ஏழுக்கு ஏழு.

பூங்கா திறந்தாகிவிட்டது. ஆனால் காலை பத்து மணியிலிருந்து நான்கு மணி வரை பூட்டு என்ற பழைய வழக்கம் அப்படியே தொடர்ந்தது. காசிமேட்டில் விடிகாலை மீன் எடுத்து, தெருத் தெருவாக விற்று முடித்து வரும் பெண்களுக்கு உட்கார நேரம் கிடைப்பதே அந்த மதியப் பொழுதில்தான். கூடையை இறக்கி வைத்துவிட்டு, பூட்டிய கேட்டுக்கு வெளியே படியில் உட்கார்ந்திருப்பார்கள். உள்ளே பூவரசு நிழல் சும்மா கிடக்கும். இரண்டு மனு கொடுத்தோம். மூன்றாவதை ஆயாவே எழுதச் சொல்லி, முப்பது பேரிடம் கையெழுத்து வாங்கிக் கொடுத்தார்.

போன செவ்வாய்க்கிழமை வேறு வேலையாக அந்தப் பக்கம் போனேன். கேட் திறந்திருந்தது. பூவரசு நிழலில் மூன்று பெண்கள் தலைக்குச் சும்மாடு வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். காலிக் கூடைகளைச் சுவரோரம் அடுக்கி வைத்திருந்தார்கள். சத்தம் போடாமல் பையிலிருந்து நோட்டை எடுத்து எழுதிக்கொண்டேன். மதியம் 2.10, மூன்று பேர்.